லூன் பதிவுகளுக்குள் லோயிஸ்

டோரீன் மாக்கிக்கு ஒரு பிடிவாதம். ஃபைல் வேறு, ஃபோல்டர் வேறு என்று யார் கோடு கிழித்தது என்பாள். அமெரிக்காவில், டுலூத் நகரத்தில் எங்கள் சின்ன அலுவலகத்தில், டிஸ்கில் எதை எப்படி அடுக்குவது என்று தீர்மானிக்கும் புரோகிராமை எழுதுபவள் அவள். அதில் ஓட்டை தேடுவது என் வேலை. ஒரு ஒலிப்பதிவைச் சொடுக்கினால் அது ஒலிக்க வேண்டும். அதையே ஃபோல்டர்போல் திறந்தால் உள்ளே படம், விளக்கம் எல்லாம் இருக்க வேண்டும். இதற்காக இரண்டு வருடம் உழைத்தாள். மதியச் சாப்பாடு தட்டிலேயே ஆறிப்போகும், அவள் திரையை முறைத்துக்கொண்டிருப்பாள்.

"ஒண்ணே ரெண்டு வேஷம் போட்டா பழைய புரோகிராமெல்லாம் எதை நம்பும்?" என்று சீண்டுவேன்.

"அதுங்களும் பழகிக்கும். நீயே பழகிட்டியே," என்பாள்.

பழகத்தான் செய்தேன். என் மனைவி லோயிஸ் ஏரிக்கரைகளில் லூன் என்னும் நீர்ப்பறவைகளின் குரலைப் பதிவு செய்பவள். டோரீனின் அமைப்பு வந்ததும், ஒவ்வொரு பதிவுக்குள்ளும் தானே ஒரு துணுக்குப் பேசி வைத்தாள். எந்தக் கரை, எப்படிப்பட்ட காற்று, கூட வந்த நான் எதைச் சொதப்பினேன் எல்லாம் அதில் உண்டு. வேறெந்த அமைப்பிலும் அப்படி வைக்க முடியாது என்பதால் அவை எங்கள் சோதனை மெஷினில் மட்டுமே இருந்தன. மார்ச்சில் லோயிஸ் போய்ச் சேர்ந்தாள். அதன்பிறகு எனக்குப் பறவைகளைவிட அந்தத் துணுக்குகள்தான் பெரிதாக இருந்தன.

கோடையில் டோரீன் எல்லாவற்றையும் புது டிஸ்குக்கு மாற்றினாள். கைப்பழக்கத்தில் பழைய நகல் கட்டளையையே அடித்துவிட்டாள். அது ஒவ்வொன்றையும் ஃபைலா, ஃபோல்டரா என்று கேட்கும். ஃபைல் என்று பதில் வந்தால் உள்ளே எட்டிக்கூடப் பார்க்காது. பிழை என்று ஒரு வார்த்தை வரவில்லை. பறவைகள் வந்துவிட்டன, லோயிஸ் வரவில்லை.

பிழையில்லாமல் நகல் முடிந்தால் பழைய டிஸ்கை அன்றே அழித்துவிடுவது எங்கள் வழக்கம். அதை அழிக்க அனுப்பும் முன் புது டிஸ்கில் ஒரு பதிவைத் திறந்து பார்த்தவள், பழைய டிஸ்கை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு என் மேசைக்கு வந்தாள்.

"ரே, லோயிஸ் இதுல பத்திரமா இருக்கா. ஆனா நாளைக்கு வேற யாரோ ஒருத்தர் இதே கட்டளைய அடிப்பாங்க. அவங்ககிட்ட யாரு போய்ச் சொல்லுவா?"

மறுவாரம் வெளியிடவிருந்த அமைப்பை அவளே நிறுத்தினாள். இரண்டு வருடக் கனவைத் தலைகீழாகத் திருப்பிப் போட்டாள். டிஸ்கில் ஒவ்வொரு பதிவும் இனி வெறும் ஃபோல்டர். நம் கண்ணுக்கு மட்டும் ஒரே ஃபைலாகத் தெரியும். பழைய புரோகிராம்கள் ஃபோல்டர் என்று நம்பி உள்ளே நுழைந்து ஒன்றுவிடாமல் அள்ளிக்கொண்டு வரும். இரண்டு வருடம் கழித்து ஃபோல்டரைக் கண்டுபிடித்திருக்கிறாள் என்று அலுவலகக் கூட்டத்தில் கிண்டலடித்தார்கள். அவளும் சேர்ந்து சிரித்தாள்.

லோயிஸின் பதிவுகளை அந்தப் புது அமைப்பில் ஏற்றிவிட்டு, இன்னொரு டிஸ்குக்கு நகலெடுக்கும் வேலையை என்னிடம் கொடுத்தாள். வேண்டுமென்றே அதே பழைய கட்டளையை அடித்தேன். நகலில் ஒரு பதிவைத் திறந்தேன்.

"இந்தத் தடவையும் ரே தும்மித் தொலைச்சுட்டாரு. பறவை பறந்துடுச்சு," என்றாள் லோயிஸ்.

டோரீன் பக்கத்தில் நின்றிருந்தாள். நன்றி என்று சொல்வதற்குப் பதில், சோதனை அறிக்கையில் எழுதி அவளிடம் நீட்டினேன்: குறை எதுவும் இல்லை. இத்தனை வருடத்தில் அவள் வேலைக்கு நான் அப்படி எழுதியது அதுதான் முதல் முறை.