பெரட்டுக் களத்தில் ஒரு பெயர்

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், மலேசியாவில் ஈப்போவை ஒட்டிய புந்தோங்கில் எங்கள் வீட்டு ஹாலில், கம்போடியாவில் மரங்கள் விழுங்கிய பழைய கோயில் நகரத்தைப் பற்றி ஏதோ ஒரு காணொளி ஓடிக்கொண்டிருந்தது. அதைப் பார்க்கும்போதுதான் இந்த யோசனை வந்தது. அந்த டிவியை அன்றைக்கு அணைத்துத் தொலைத்திருக்கலாம் என்று இப்போது தினமும் நினைக்கிறேன்.

நான் வேலை செய்வது நில அளவை அலுவலகத்தில். டிரோனை மேலே ஏற்றிப் படம் எடுத்து வரைபடம் செய்வது என் வேலை. எதுவாக இருந்தாலும் அதற்கு ஓர் இடம் இருக்கும், அளந்துவிடலாம் என்று நினைக்கிற ஆள் நான். ஆவி, காத்து, கருப்பு என்று யாராவது ஆரம்பித்தால் முதலில் கேலி செய்வதும் நான்தான். அதனால் இதைப் படித்துவிட்டு நீங்கள் சிரித்தால் கோபப்பட மாட்டேன். போன வருடம் வரை நானும் அப்படித்தான் சிரித்திருப்பேன்.

அன்றைக்கு அப்பா சாப்பிட்டுவிட்டு வந்து டிவியைப் பார்த்தார். அப்பா ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர், இப்போது லாரி ஓட்டுகிற வேலை, அதிகம் பேசமாட்டார்.

"இதுக்கு எதுக்கு கம்போடியா? எங்க தோட்டத்துல மூணு கோயிலு, கொளம், தேரு எல்லாம் இருந்துச்சு. ஒரு ஊரே இருந்துச்சு. அதையும் காடு முழுங்கிருச்சு."

என் தம்பி துள்ளி எழுந்தான். "நம்மகிட்டயே இருக்கா? அக்கா, பாஸ்போர்ட்டே வேணாம்லா, போலாம்லா!"

"போவாதீங்க. அங்க பெரியவங்க நடமாட்டம் இருக்கு."

"பெரியவங்கன்னா? பென்ஷன் எடுத்தவங்களாப்பா?"

அப்பா அவனை முறைத்துவிட்டு எழுந்து போய்விட்டார். காட்டோரம் வளர்ந்தவர்கள் யானையை யானை என்று வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள், பெரியவங்க என்பார்கள் என்று அம்மாதான் எங்களுக்கு விளக்கினார்.

தம்பியின் பெயர் மாரிமுத்து. இருபத்து மூன்று வயது, ஈப்போவில் ஒரு கடையில் கைப்பேசி பழுது பார்க்கிறவன். இந்தக் காலத்தில் இப்படி ஒரு பெயரா என்று நண்பர்கள் கிண்டல் செய்வார்கள். அது அப்பாவுடைய அப்பாவின் பெயர். பேரன் என்ற சொல்லே பெயரன் என்பதிலிருந்து வந்ததுதான், தாத்தாவின் பெயரைத் தாங்குகிறவன். அந்தத் தாத்தாவை நாங்கள் இருவரும் பார்த்ததில்லை, தோட்டத்திலேயே இளம் வயதில் இறந்துவிட்டார் என்பதற்கு மேல் அப்பாவும் சொன்னதில்லை.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். பெரட்டு என்றால் தோட்டத்தில் விடியுமுன் ஆட்களை வரிசையாக நிறுத்திப் பெயர் கூப்பிடுவது. கிராணி என்ற கணக்குப்பிள்ளை பெயரைப் படிப்பார், இருக்கிறவர் பதில் சொல்லிவிட்டுப் பால்மரம் வெட்ட, அதாவது ரப்பர் பால் எடுக்க, போவார். தோட்டமே போய் எத்தனையோ வருடம் ஆனாலும் அந்தச் சொல் எங்கள் வீட்டில் தங்கிவிட்டது. பள்ளிக்கு எழுப்ப அம்மா, "பெரட்டுக்கு நேரமாச்சு! மாரிமுத்து!" என்று கிராணி மாதிரி குரலை இறுக்கிக் கூப்பிடுவார், தம்பி போர்வைக்குள்ளிருந்து "வந்தேன் ஐயா!" என்று கத்துவான். சின்ன வயதிலிருந்து தினமும் நடந்த விளையாட்டு இது.

அப்பாவிடம் தைப்பிங்கில் தோழி வீட்டுக்குப் போவதாகப் பொய் சொல்லிவிட்டு ஒரு சனிக்கிழமை கிளம்பினோம். தோட்டத்தின் பெயரைச் சொல்லமாட்டேன், சுங்கை சிப்புட்டைத் தாண்டி உள்ளே போக வேண்டும் என்பது போதும். சூரியன் எழும் நேரத்தில் மேலிருந்து படம் எடுக்க வேண்டும் என்பது என் ஆசை. எண்ணெய்க்காக வளர்க்கிற செம்பனைக் காட்டின் ஓரம் காரை நிறுத்தி, டார்ச் வெளிச்சத்தில் அரைமணி நேரம் நடந்து போய்ச் சேர்ந்தபோது வானம் லேசாக வெளுத்திருந்தது, எங்கும் பனிமூட்டம்.

சத்தியமாக அழகாகத்தான் இருந்தது. மாரியம்மன் கோயிலின் கோபுரத்தை ஆலமரம் ஒன்று வேர்களால் கட்டிப் பிடித்திருந்தது. சாமியை எப்போதோ எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள், உள்ளே வெறும் பீடம். கல்தூண் ஒன்றில் ஆள் உயரத்துக்கு மேலே சேறு பூசி வழவழப்பாக இருந்தது, யானைகள் முதுகு தேய்க்கிற இடம். குன்றின் மேல் முருகன் கோயிலின் படிகள் புதருக்குள் ஏறிக் காணாமல் போயின. கோயிலுக்கு எதிரே ஒரு பெரிய புல்வெளி, அதன் ஓரத்தில் உடைந்த சிமெண்டு மேடை.

"இதுதான் பெரட்டுக் களமா இருக்கும்கா," என்று தம்பி கிசுகிசுத்தான். நான் கைப்பேசியில் காணொளி எடுத்துக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் அவை வந்தன. ஏழு யானைகள், ஒரு குட்டி. நாங்கள் கோயில் மண்டபத்துக்குள் சுவரோடு ஒட்டிக்கொண்டோம். அவை களத்தின் ஒரு கோடியிலிருந்து எதிர்க் கோடிக்கு நேராக நடந்தன, நடுவில் வந்ததும் முதல் யானை வளைந்தது. அங்கே கல்லும் இல்லை, குழியும் இல்லை, வெறும் புல். ஆனால் எல்லாமே அதே இடத்தில் வளைந்து, ஒரு நீள வரிசையைச் சுற்றிப் போவது மாதிரி ஓரமாகப் போய், முடிந்ததும் மறுபடி நேராயின. குட்டி அதற்குள் ஓடப் பார்த்தது, தாய் தும்பிக்கையால் அதை இழுத்துக்கொண்டது. நின்றுகொண்டிருக்கும் மனிதர்களை நாம் எப்படி விலகிப் போவோமோ அப்படி.

அவை காட்டுக்குள் மறைந்த பிறகு சிமெண்டு மேடைப் பக்கமிருந்து ஒரு குரல் கேட்டது.

பயங்கரமான குரல் என்று நினைக்காதீர்கள். தினமும் செய்கிற வேலையைச் செய்யும் ஓர் ஆம்பிளையின் அலுத்த குரல், அவ்வளவுதான். "ஆறுமுகம்." கொஞ்சம் இடைவெளி. "வீராயி." மறுபடி இடைவெளி. "சின்னப்பன்." எந்தப் பெயருக்கும் பதில் வரவில்லை. பக்கத்துக் கம்பத்துக் கிராம ஆட்கள் யாரோ என்றுதான் நான் முதலில் நினைத்தேன், நம்பினால் நம்புங்கள், அந்த நொடியிலும் என் மூளை ஒரு காரணத்தைத்தான் தேடியது.

"மாரிமுத்து."

"வந்தேன் ஐயா!"

என் பக்கத்திலிருந்துதான். யோசித்துச் சொன்னதில்லை, வாய் தானாகச் சொல்லிவிட்டது, சொன்ன பிறகு பொத்திக்கொண்டு சிரித்தான். நானும் சிரித்தேன். ஆமாம், நானும்தான் சிரித்தேன்.

ஐந்தாவது பெயர் வரவேயில்லை. நாங்கள் காத்திருந்தோம். பூச்சிச் சத்தம்கூட நின்றிருந்தது. அந்தப் பட்டியலில் அவர்களுக்கு வேண்டிய ஆள் கிடைத்துவிட்டான், மீதிப் பெயர் தேவையில்லை என்பது மாதிரி ஓர் அமைதி. டிரோனைப் பையை விட்டு எடுக்கவேயில்லை, திரும்பிப் பார்க்காமல் ஓடிவந்து காரில் ஏறினோம். வரும் வழியில் ரொட்டி சானாய் சாப்பிட்டபோது தம்பி, "எனக்கு வேலை கெடைச்சிருச்சுக்கா, நாளைக்குப் பால் வாளி வாங்கணும்," என்று ஜோக்கடித்தான். அவன் சொன்ன கடைசி ஜோக் அது.

மூன்றாம் நாள் விடியற்காலை ஐந்து மணிக்கு வீட்டு வாசலில் அவன் நின்றுகொண்டிருந்தான். கைகளைப் பக்கவாட்டில் ஒட்டி, தோட்டம் இருக்கிற வடக்குத் திசையைப் பார்த்து. தூக்கத்தில் நடக்கிறான் என்று நினைத்து உலுக்கினேன். தெளிவாகத்தான் இருந்தான்.

"என்னடா பண்ற?"

"பேரு கூப்பிடுறாங்கக்கா. நிக்கலன்னா ஏசுவாங்க."

அன்றிலிருந்து ஒரு நாளும் தவறவில்லை. ஒரு மாதத்தில் கடைக்குப் போவதை விட்டான். மாரி என்று கூப்பிட்டால் திரும்புவதில்லை, மாரிமுத்து என்று முழுதாகச் சொன்னால் மட்டும் "வந்தேன் ஐயா" என்கிறான், அம்மாவிடமும் அப்படித்தான், அம்மா வாயில் துணியை அடைத்துக்கொண்டு அழுகிறார். டாக்டர் மாத்திரை கொடுத்தார், அம்மா கோயிலில் கயிறு கட்டினார், எது எதற்கு மருந்து என்று எங்களுக்குத் தெரியவில்லை. அவன் சட்டை தொளதொளவென்று தொங்குகிறது. நான் எடுத்த காணொளியை நூறு முறையாவது கேட்டிருப்பேன். யானைகள் வளைந்து போவது தெரிகிறது, அதற்குப் பிறகு என் மூச்சுச் சத்தம், நீண்ட மௌனம், தம்பியின் "வந்தேன் ஐயா". கூப்பிட்ட குரல் அதில் இல்லை. அலுவலகத்தில் ஒருவரிடம் காட்டினேன். "யானைக்கு அதோட பாதைலா," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

போன வாரம்தான் அப்பாவிடம் உண்மையைச் சொன்னேன். தெருக்கோடியில் நிறுத்தியிருந்த லாரிக்குள் உட்கார்ந்து, கண்ணாடியை ஏற்றிவிட்டு. திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி பேச ஆரம்பித்தார்.

"எங்கப்பா ஒரு நாளு பெரட்டுக்கு வரலம்மா. முன்னாடியே கெளம்பிப் போனவரு, களத்துக்கு வந்து சேரல. பெரியவங்க அடிச்சிருக்கும்னு தேடுனாங்க. ஒண்ணுமே கெடைக்கல."

"அப்புறம்?"

"செத்தவங்க வீட்டுலேருந்து ஒருத்தரு பெரட்டுல போயி நின்னு, 'செத்துட்டாருங்க ஐயா, பேர வெட்டிருங்க'ன்னு சொல்லணும். நான்தான் மூத்தவன், ஒம்பது வயசு. எங்கம்மா என்னைப் போவ விடல. பொணத்தப் பாக்காம எப்படிச் சொல்றதுன்னுட்டாங்க. கொஞ்ச நாளு கூப்பிட்டுக்கிட்டே இருந்தாங்க. நான் வீட்டுக்குள்ள காதப் பொத்திக்குவேன். பெறவு வேற தோட்டத்துக்கு மாறிட்டோம். வெட்டுனாங்களா இல்லையா, தெரியாதும்மா."

அப்பா அழுது அன்றுதான் பார்த்தேன். பிறகு அவரே முடிவைச் சொன்னார். வருகிற சனிக்கிழமை விடியுமுன் நானும் அவரும் அந்தக் களத்துக்குப் போகிறோம். பெயரைக் கூப்பிட்டால், இத்தனை வருடம் சொல்லாமல் விட்ட அந்த வாக்கியத்தை அவர் சொல்லப் போகிறார். கூப்பிடாவிட்டாலும் சொல்லப் போகிறார். டாக்டருக்கும் கயிற்றுக்கும் பிறகு எங்களிடம் மிச்சம் இருப்பது இது ஒன்றுதான், இதை எழுதும்போது எனக்கே பைத்தியக்காரத்தனமாகத் தெரிகிறது, ஆனாலும் போகிறேன்.

இது எங்கள் இருவருக்கும் மட்டும் தெரிந்த விஷயம். அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை. இன்று காலை ஐந்து மணிக்கு வழக்கம்போல் தம்பியின் பின்னால் போய் நின்றேன். அவன் திரும்பவில்லை, வடக்குப் பார்த்தபடியே, மெதுவாக, பழைய மாரியின் குரலில் பேசினான்.

"அக்கா, சனிக்கெழம போவும்போது செத்தது எந்த மாரிமுத்துன்னு அப்பாவ சரியா சொல்லச் சொல்லு. பட்டியல்ல பேரு ஒண்ணுதான் எழுதியிருக்கு."