வெள்ளைக்குக் கீழே என் கையைப் பிடித்தவர்

எழுதத் தெரியாதவள் எழுதுகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள். எட்டாம் வகுப்போடு என் படிப்பு முடிந்தது. செபக்கூட்டத்திலும் நான் கடைசி வாங்கில் இருக்கிறவள். எழுந்து நின்று சாட்சி சொல்ல எனக்கு ஏலாது. அதனால்தான் இந்தக் கடதாசி.

1974ஆம் ஆண்டு, பாண் ரொட்டிக்கு வரிசையில் நின்ற காலம். என் இடது மார்பில் கட்டி வந்தது. கிழக்குக் கரையில், ஓர்ஸ் ஹில்லில் எங்கள் வீடு. கணவர் துறைமுகத்தில் வேலை. இரவு ரயிலில் என்னைக் கொழும்புக்குக் கொண்டுபோனார்.

சத்திரசிகிச்சை அன்று மயக்க மருந்து கொடுத்தும் எனக்கு முழுதாக மயக்கம் வரவில்லை. முகத்துக்கு மேலே ஒரு வெள்ளைத் துணியை இழுத்துக் கட்டினார்கள். கை அசையவில்லை. நாக்கும் அசையவில்லை. துணிக்கு அந்தப் பக்கம் யாரோ பேசிச் சிரித்தார்கள். கத்தி பட்டது தெரிந்தது. மாதாவே என்று மனதுக்குள் கத்தினேன். யாருக்கும் கேட்கவில்லை. கண் விழித்தபோது மார்பு இல்லை. எடுக்கப்போகிறார்கள் என்று கணவருக்குச் சொல்லியிருந்தார்கள். எனக்குச் சொல்லவில்லை.

உயிரோடு வீட்டுக்கு வந்தேன். செபக்கூட்டத்துச் சகோதரிகள் நன்றிச் செபமாலைக்கு எல்லாம் ஆயத்தம் செய்திருந்தார்கள். நல்ல காரியத்துக்கு வீட்டுக்குள் கூரையின் கீழே துணி விரித்து வெள்ளை கட்டுவது எங்கள் வழக்கம் அல்லவா? எனக்கு மரியாதை என்று அதையும் கட்டியிருந்தார்கள். வாசலைத் தாண்டி அண்ணாந்து பார்த்தேன். அதே துணி. அதே வெளிச்சம். விழுந்துவிட்டேன். எல்லோருக்கும் முன்னால் சீலையை நனைத்துவிட்டேன்.

"சுகம் குடுத்த ஆண்டவருக்கு முன்னால இதென்ன கூத்து?" என்றாள் என் மச்சாள் பிலோமினா, கணவரின் தங்கை.

அதன் பிறகு டெட்டோல் மணம் வந்தால் வாந்தி. கொடியில் படுக்கை விரிப்புக் காய்ந்தால் நான் அந்தப் பக்கம் போகமாட்டேன். நித்திரையிலும் கத்தி படும். நோய் தொற்றும் என்று மச்சாள் என் கோப்பையைத் தனியாக வைத்தாள். பேய் பிடித்துவிட்டது என்று குச்சவெளிப் பக்கத்திலிருந்து பேயோட்டுகிற ஒருவரைக் கூட்டிவந்தாள். அவர் செத்தல் மிளகாயைச் சுட்டு என் முகத்துக்கு நேரே பிடித்தார். கன்னத்தில் அடித்தார். பிறகு நெஞ்சில் அடித்தார். வெட்டிய பக்கம். கணவர் கதவைப் பிடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டு நின்றார். அவரை நான் குறை சொல்லவில்லை. அவருக்கும் வேறு வழி தெரியவில்லை.

அடுத்த வருடம் மகளுக்குக் கலியாணம் பேசினார்கள். மாப்பிள்ளை வீட்டுக்கு என் கதை எட்டியிருந்தது. தாய்க்கு விசர், பைத்தியம் என்றால் மகளுக்கும் வருமோ என்று கேட்டார்களாம். வெள்ளை கட்டாமல் கலியாணமும் இல்லை. ஒரு நாள் மகள் என் பக்கத்தில் வந்து இருந்தாள். பிள்ளை மெதுவாகத்தான் கேட்டாள்.

"அம்மா, அண்டைக்கு ஒரு நாளைக்கு மட்டும் குசினிக்குள்ள இருப்பியளோ? கதவைப் பூட்டிவிடுறம்."

ஓம் என்றேன்.

பிறகு மாதா படத்துக்கு முன்னால் முழங்காலில் நின்றேன். பயத்தை எடுத்துவிடு என்று கேட்டுக் கேட்டு அலுத்துப்போயிருந்தேன். அன்று வேறு மாதிரிக் கேட்டேன். "தாயே, எனக்கு விசர் எண்டால் சொல்லிப்போடு. இல்லையெண்டால் இப்பிடி இன்னொரு ஆளைக் காட்டு." வேறு ஒன்றும் கேட்கவில்லை.

அடுத்த கிழமை கிளினிக்குக்குப் போனேன். வாங்கில் கிண்ணியா ஊர் றாவியத்தும்மா இருந்தா. கொழும்பில் எனக்குப் பக்கத்துக் கட்டிலில் கிடந்தவ. அவவுக்கும் அதே வெட்டுத்தான். முஸ்லிம்கள் அக்காவைக் கூப்பிடுகிற மாதிரி நான் ராத்தா என்றுதான் கூப்பிடுவேன். நாங்கள் கதைத்துக்கொண்டிருக்கும்போது மருந்து வண்டி ஒன்றைத் தள்ளிக்கொண்டு போனார்கள். சில்லுச் சத்தம் கேட்டதும் ராத்தா முந்தானையை வாய்க்குள் திணித்துக்கொண்டு நடுங்கினா. சத்தம் போனபிறகுதான் துணியை எடுத்தா.

"கண்டியா தங்கச்சி, இதான் என்ட சீவியம். ஊட்டுல மாட்டு வண்டி போனாலும் இப்பிடித்தான்."

நான் அழுதுவிட்டேன். கொழும்பில் நடந்ததை முதல்முறையாக ஒரு ஆளுக்கு முழுவதும் சொன்னேன். துணியை, சிரிப்பை, கத்தியை.

"இது விசருமில்ல, பேயுமில்ல" என்றா கடைசியில். "வெட்டுப்பட்ட உடம்பு மறக்கிதில்ல. அங்க உன்ட கையை ஆரும் புடிக்கல்ல. கலியாணத்துக்கு நான் வாறன், நான் புடிக்கிறன்."

சொன்னபடி வந்தா. நான் குசினிக்குள் போகவில்லை. வெள்ளைக்குக் கீழே நின்றேன். வாய்க்குள் இரத்த ருசி வந்தது. ராத்தா என் விரல்களை நசுக்கிப் பிடித்தபடி காதுக்குள் கதைத்துக்கொண்டே இருந்தா.

"மேல பாராத. அந்தா, மாப்பிள்ளைட மாமன்ட வயித்தப் பாரு. அதுவும் கட்டிதான். அவர ஏன் புள்ள வெட்டாம உட்டாங்க?"

அந்தத் துணிக்குக் கீழே நான் சிரித்தேன். மகள் திரும்பிப் பார்த்தாள். அவளை ஆசீர்வதிக்க என் கை எழுந்தது.

மாதாவுக்குக் கோடி நன்றி. பயம் முழுவதும் போய்விட்டது என்று நான் பொய் சொல்லமாட்டேன். ஆனால் வரும்போது அதன் பெயர் எனக்குத் தெரியும்: மறக்காத உடம்பு. ராத்தாவுக்கு அன்றைக்கே நோய் திரும்பியிருந்தது. எனக்குச் சொல்லவில்லை. அந்த மாரிக்காலம் முடியமுன் மௌத்தானா, இறந்துபோனா. இப்போது ஆஸ்பத்திரியில் இருந்து வருகிற பெண்களின் பக்கத்தில் நான் போய் இருக்கிறேன். கதைக்கத் தெரியாது. கையைப் பிடிப்பேன். சகோதரிகளே, சுகமானவள் உங்கள் வீட்டில் நடுங்கினால் விசுவாசம் இல்லை என்று சொல்லாதேயுங்கள். அவளுக்கு ஒரு ஆளைக் காட்டச் சொல்லி மாதாவிடம் கேளுங்கள். காட்டுவா.

கலியாணத்துக்கு மறுநாள் வெள்ளையை அவிழ்த்தார்கள். மடிப்பதற்கு ஒரு முனையை நான் பிடித்துக்கொடுத்தேன். மச்சாள் என் கோப்பையை வழக்கம்போலத் தனியாகக் கழுவி வைத்தாள்.