காப்பு கட்டிய மாதம்

கல்யாணமாகி ஏழெட்டு வருஷமாகியும் வயிற்றில் ஒன்றும் தங்கவில்லை. உறையூரில் எங்கள் தெருவில் வளைகாப்பு என்றால் என்னைக் கூப்பிட மாட்டார்கள். கூப்பிட்டாலும் சாப்பிட்டுவிட்டுப் போ என்பதோடு சரி, வளையல் போடச் சொல்ல மாட்டார்கள்.

அறுபதுகளின் கடைசியில், பெருமாளைச் சேவிக்கப் போவதாகச் சொல்லிவிட்டு, நானும் வீட்டுக்காரரும் ஸ்ரீரங்கத்தில் ஒரு டாக்டரம்மாவிடம் போனோம். இங்கிலீஷ் மருந்து கர்ப்பப்பையைச் சுட்டுவிடும் என்பது மாமியாரின் கட்சி. அதனால்தான் அந்தத் திருட்டுத்தனம்.

"உனக்கு மாசாமாசம் முட்டை முத்தி வெளியே வரலைம்மா. உடம்புல சுரப்பு பத்தலைன்னு இந்த மாத்திரை மூளையை நம்ப வைக்கும். மூளை பதறிப்போய் சினைப்பையை முடுக்கும்" என்றார் டாக்டரம்மா. மூளையையே ஏமாற்றுகிற மாத்திரை! எனக்குச் சிரிப்பு வந்தது. "மாத்திரை முடிஞ்ச அடுத்த வாரம் ரெண்டு பேரும் சேர்ந்திருக்கணும். தினம் விடிஞ்சதும் படுக்கையிலேயே வாய்ச்சூடு பாரு. ஏறி நின்னா முட்டை வந்துடுச்சுன்னு அர்த்தம்."

டாக்டரம்மாவின் சொந்தக்காரர் சீமையிலிருந்து கொண்டுவந்த மருந்து அது. ஊரில் எந்தக் கடையிலும் கிடையாது. ஒரு மாதத்துக்குத்தான் இருந்தது.

கடைசி மாத்திரையை விழுங்கிய மறுநாள் மாமியார் மகனைச் சமயபுரத்துக்கு அழைத்துப்போனார். திரும்பி வரும்போது வீட்டுக்காரர் இடுப்பில் மஞ்சள் வேட்டி, கையில் காப்பு. பிள்ளை வரம் கேட்டு விரதம். காப்பு அவிழ்க்கும்வரை பெண்டாட்டி பக்கத்தில் படுக்கக் கூடாது.

"ஏங்க, இந்த மாசம் வேணாம்னு அத்தைகிட்ட சொல்லியிருக்கக் கூடாதா?"

"ஏன்னு கேட்டா என்னடி சொல்றது? அம்மாகிட்ட போய் அதையெல்லாம் பேச முடியுமா?"

"அப்ப அவுத்துடுங்க."

"சாமி குத்தமாயிடும். உனக்காகத்தானே கட்டியிருக்கேன்!"

"ஆத்தாவா வந்து பெத்துத் தரப் போறா?" என்று கேட்டுவிட்டேன். கேட்ட வாயோடு கன்னத்தில் போட்டுக்கொண்டேன், பயம்தான். அவர் பாயைச் சுருட்டிக்கொண்டு கூடத்துக்குப் போனார்.

நான் தெர்மாமீட்டரை விடவில்லை. ஒரு நாள் காலையில் பாதரசம் ஏறியிருந்தது. மறுநாளும் இறங்கவில்லை. என் ஆயுசில் முதல் தடவையாக முட்டை வந்திருக்கிறது. கூடத்தில் அவர் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதேன்.

காப்பு அவிழ்த்த அன்று மாமியார் கோயில் குங்குமத்தோடு ஆசையாக என்னிடம் வந்தார்.

"தொடாதீங்க அத்தை. வீட்டுக்குத் தூரம்."

"அடிப்பாவி, ஆத்தா கொடுத்தும் உன் வயித்துல தங்கலையே!" என்று தலையில் அடித்துக்கொண்டார். வீட்டுக்காரர் மஞ்சள் வேட்டியை மடித்துக்கொண்டிருந்தார்.