பெட்டியில் ஒரு அட்டைகூட இல்லை

மழைக்காலத்தில் வண்டிப்பெரியார் போகலாமா என்று இந்தப் பக்கத்தைப் படிப்பவர்கள் இரண்டு பேர் கேட்டிருந்தீர்கள். தாராளமாகப் போகலாம். நான் எழுபத்தாறாம் வருடம் ஆடி மாதம் போனேன். வழி நெடுக பயந்துகொண்டே போனேன். அதற்குக் காரணம் மலையும் மழையும் அல்ல, காமிக்ஸ் புத்தகம்.

கேரள எல்லையில், கொழிஞ்சாம்பாறையில் எங்களுக்கு நிலக்கடலைக் காடு. கிணறு வற்றி அடி தட்டிவிட்டது. ஆழம் வெட்டி மோட்டார் வைக்காவிட்டால் அடுத்த வெள்ளாமை கிடையாது. இந்த லட்சணத்தில் எனக்கு அமெரிக்க சூப்பர்ஹீரோ காமிக்ஸ் சேர்க்கும் பைத்தியம் வேறு. மெட்ராஸில் எனக்குத் தெரிந்த சேகரிப்பாளர் ஒருவர் விலை சொல்லும் கணக்கு எளிது. "பழைய இதழ், அட்டை பளபளன்னு இருந்தா உனக்கு மோட்டார். அட்டை கிழிஞ்சிருந்தா பஸ் கூலி. அட்டையே இல்லேன்னா பொரிகடலை மடிக்கத்தான்."

அவர் சொன்னதில் தப்பில்லை. இந்தப் புத்தகங்களை வாங்கியவர்கள் குழந்தைகள். மடித்தார்கள், சுருட்டினார்கள், கடைசியில் எடைக்குப் போட்டார்கள். தப்பியதை எங்கள் ஊர் வெயில் பழுப்பாக்கியது, மலைநாட்டு மழை பூசணம் பிடிக்க வைத்தது. தைத்த கம்பி துருப்பிடிக்காத, முனை மழுங்காத பிரதி கிடைப்பது குதிரைக் கொம்பு.

அப்படி ஒரு பெட்டியே இருக்கிறது என்று பொள்ளாச்சி மாட்டுச் சந்தையில் தெரிந்தது. கறவை மாடு வாங்க வந்த மாடசாமி, வண்டிப்பெரியார் பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட்டில் பங்களா சமையல்காரர். துரை சீமைக்குப் போனபோது மகனுடைய புத்தகங்களைப் பெட்டியோடு அவரிடம் விட்டுவிட்டாராம். முகமூடி வீரன் ஒருவன் முதல்முதலாக வரும் இதழின் படத்தை அவர் விவரித்ததும் எனக்குப் புரிந்துவிட்டது. மெட்ராஸ்காரர் தேடுவது அதைத்தான். என் மனைவி சரோஜாவிடம் கேட்டு, பெட்டிக்கு விலையாக எங்கள் கறவை மாட்டையே அவருக்குக் கொடுத்து லாரியில் ஏற்றிவிட்டேன். களை வெட்டு முடிந்ததும் நான் போய்ப் பெட்டியை எடுத்துக்கொள்வதாகப் பேச்சு.

மழை வலுத்ததும் பயம் வந்தது. மாடு ஏற்றிப்போன லாரி டிரைவரிடம், "பொட்டியில அட்டை எப்படி இருக்குதுன்னு கேட்டுட்டு வாங்க" என்று சொல்லி அனுப்பினேன். பதிலோடு வந்தார். "பொட்டியில அட்டை ஒண்ணுகூட இல்லீங்களாமா. பயப்படாம வரச் சொன்னாருங்க."

அட்டை இல்லையாம், பயப்படக் கூடாதாம்! சரோஜா காலிக் கட்டுத்தறியைப் பார்த்தபடி சொன்னாள்: "ஏனுங்க, அட்டை இல்லீன்னா மாட்டெத் திருப்பி ஓட்டிக்கிட்டு வந்துருங்க."

விடிகாலை ஐந்தரைக்கு முதல் பஸ். பொள்ளாச்சி, பழனி, வத்தலக்குண்டு, தேனி என்று மாறி மாறிப் போய் பொழுது சாயும்போது கம்பம் சேர்ந்தேன். கேரளத்திலிருந்து கேரளத்துக்குப் போக ஒரு பகல் முழுக்கத் தமிழ்நாட்டைச் சுற்ற வேண்டும், அதை மறக்க வேண்டாம். லாட்ஜ் அறைக்கு நாலு ரூபாய். மறுநாள் காலை குமுளி மலை ஏறும்போது பாதியில் மண் சரிந்து கிடந்தது. பஸ் பள்ளத்து ஓரமாக உரசிப் போனது. எல்லோரும் சாமியைக் கூப்பிட்டார்கள். நானும் கூப்பிட்டேன், ஆனால் எனக்கு வேண்டியிருந்தது அட்டைதான்.

குமுளியிலிருந்து வண்டிப்பெரியார் சுமார் பதினான்கு கிலோமீட்டர். அங்கிருந்து எஸ்டேட் ஆட்கள் குடியிருக்கும் லயத்துக்கு இரண்டு மைல் நடை. பட்டப்பகலில் மூடுபனி, முன்னால் போகிறவரின் குடைகூடத் தெரியவில்லை. மாடசாமி வீட்டுக் கொட்டகையில் எங்கள் மாடு நின்றது. என்னைப் பார்த்துக் கத்தியது. நான் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

பெட்டி, தேயிலை ஏற்றுமதிக்குப் போகும் பலகைப் பெட்டி. உள்ளே ஈயத்தாள் ஒட்டியிருந்ததால் சொட்டு ஈரம் இறங்கவில்லை. மாடசாமி மூடியைத் திறந்தார். மேலேயே அந்த முதல் இதழ். சிவப்பும் மஞ்சளும் நேற்று அச்சடித்த மாதிரி.

"அட்டை இருக்கே!" என்று கத்திவிட்டேன்.

"எங்க? எங்க அண்ணாச்சி?" என்று மாடசாமி துள்ளி எழுந்தார். கூரை இறவாணத்தில் தொங்கிய துணி முடிச்சை எடுத்தார். உப்பும் புகையிலையும் ஊறிச் சொட்டியது. அதைப் புத்தகத்தின் மேல் ஒற்றப் போனவரின் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். உயிரே போய்த் திரும்பியது.

"ரத்தம் குடிக்கிற அட்டைதான அண்ணாச்சி கேட்டுவிட்டீய? நான் தினம் பொட்டியத் தொறந்து பாத்தேன், ஒண்ணுகூட வரல."

எங்கள் கரட்டு மண்ணில் அட்டை என்றால் புத்தகத்துக்கு மேலே இருப்பது. அவர் ஊரில் காலைக் கீழே வைத்தால் ஏறுவது. இரண்டு பேரும் சிரித்தோம். மழையில் பெட்டியைச் சுமக்க முடியாது என்பதால் முதல் இதழையும் இன்னும் நல்லவை பன்னிரண்டையும் பிளாஸ்டிக் தாளில் சுற்றி வாங்கிக்கொண்டு, மழையில் இறங்கினேன்.

சிரிப்பு குமுளி வரைக்கும் நீடிக்கவில்லை. தண்ணீர் இறங்கியிருக்குமோ, முனை மடங்கியிருக்குமோ என்று மனசு அரித்தது. பஸ்ஸில் உட்கார்ந்ததும் கட்டைப் பிரித்து முதல் இதழை மடியில் வைத்தேன். ஒன்றும் ஆகவில்லை. பார்த்துக்கொண்டே இருக்கும்போது வீரனின் முகத்தில் சிவப்பாக ஒரு சொட்டு விழுந்தது. பிறகு இன்னொன்று. என் முழங்கை மடிப்பில் கொழுத்துத் தொங்கிய அட்டை, குடித்தது போதும் என்று அப்போதுதான் கழன்று விழுந்தது. கடித்தது தெரியவே இல்லை. துடைத்தேன். துடைத்ததில் கறை இன்னும் பரவியது.

வீடு வரும் வரை எனக்கிருந்த பயத்தை எழுதத் தெரியவில்லை. மாடும் போச்சு, மோட்டாரும் போச்சு, இவளிடம் என்ன சொல்வேன்? சரோஜா புத்தகத்தைப் பார்த்தாள். "இது உங்க ரத்தமுங்களா?" என்று கேட்டு, புத்தகத்தை விட்டுவிட்டு என் கையைத் தூக்கிப் பார்த்தாள். மெட்ராஸ்காரர் மற்றதையெல்லாம் எடுத்துக்கொண்டார், இதைத் தொடவில்லை. அந்தக் காசில் கிணறு ஆழமானது, மோட்டார் வரவில்லை. இன்னும் இரண்டு வருடம் எருது பூட்டித் தோல் சாலால் கவலைதான் இறைத்தோம்.

போகிறவர்களுக்கு: ஆடி, ஆவணியில் முழுக்கைச் சட்டை போடுங்கள். உப்பும் புகையிலையும் கட்டி வைத்துக்கொள்ளுங்கள். பழைய புத்தகம் வாங்கினால் வீடு சேரும்வரை கட்டைப் பிரிக்காதீர்கள். பிரித்தே தீர வேண்டுமென்றால் முதலில் கை மடிப்பைத் தடவிப் பாருங்கள். என் புத்தகத்தை மழை கெடுக்கவில்லை, என் பயம்தான் கெடுத்தது.

இப்போது அந்த இதழ் உலகத்திலேயே அரிது. கறையோடு இருந்தாலும் பரவாயில்லை என்று ஆட்கள் வீடு தேடி வருகிறார்கள். அவர்கள் சொல்லும் விலையில் பத்துக் கிணறு வெட்டலாம். நான் வாயைத் திறப்பதற்குள் சரோஜா உள்ளேயிருந்து கேட்டுவிடுவாள்:

"உங்க ரத்தத்துக்கு வெலை பேச அவங்க ஆருங்க?"