பாட்டிலில் செத்த பூச்சிகள்

எழுபதுகளின் தொடக்கம். தாம்பரத்தை அடுத்த ஓர் ஆராய்ச்சிக் கூடத்தில் தற்காலிக உதவியாளனாக இருந்தேன். எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான்தான். அப்பா கத்தரி பயிரிட்டு, வெள்ளிக்கிழமைகளில் பல்லாவரம் சந்தையில் விற்பவர்.

அப்போது குன்றுகளிலும் ஏரிக்கரைகளிலும் உண்ணிச்செடி புதராக மண்டிக் கிடந்தது. அதை அழிக்க வெளிநாட்டிலிருந்து ஒரு பூச்சியைத் தருவித்திருந்தார்கள். வெளியே விடுவதற்கு முன், அது நம் பயிர்களில் வாய் வைக்குமா என்று சோதிக்க வேண்டும். அதிகாரி சொன்னபடி கத்தரி இலைகளைப் பறித்துக் கண்ணாடி பாட்டிலில் போட்டு, பூச்சிகளை விட்டேன். இரண்டே நாளில் எல்லாம் செத்துப்போயின.

அதிகாரிக்கு ஒரே சந்தோஷம். "சாப்பிடாமதானே செத்துது? ஆபத்தில்லைன்னு எழுதுப்பா."

எனக்கு மனசு ஒப்பவில்லை. இன்னொரு பாட்டிலில் உண்ணி இலையையே பறித்துப் போட்டுப் பார்த்தேன். அதிலும் செத்தன! தன் சொந்த உணவிலேயே சாகிறதென்றால், கொன்றது வாடிய இலையும் அடைத்த பாட்டிலும்தானே? இதைச் சொன்னதும், "நீ என்ன, பூச்சிக்கு வக்கீலா?" என்று சிரித்தார். பிறகு, "மேலிடத்துல அவசரப்படுத்தறாங்க. நாளைக்கு எவனாவது கத்தரிக்காய்க்காரன் வந்து நம்மளக் கேக்கப் போறானா?" என்றார்.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. கூட வேலை பார்த்த நண்பன், "பேஜார் பண்ணிக்காத மச்சான், வேலை போயிடும்" என்றான். நான் கேட்கவில்லை. தொட்டியில் உயிரோடு நின்ற கத்தரிச்செடிக்கு வலை கட்டி, பூச்சிகளை விட்டேன். சில நாட்களில் இலைகள் வெளிறிச் சுருண்டன, அடிப்பக்கம் முட்டைகள்.

மேலதிகாரி பார்வையிட வந்த அன்று அந்தத் தொட்டியைத் தூக்கிக்கொண்டு போய் அவர் மேஜை மேலேயே வைத்துவிட்டேன்.

"பட்டினி கிடந்தா எதையும்தான் கடிக்கும் சார்" என்று எங்கள் அதிகாரி சமாளித்தார்.

"முட்டையுமா சார் போடும்?" என்றேன்.

மேலதிகாரி குனிந்து வலைக்குள் வெகுநேரம் பார்த்தார். பூச்சியை வெளியே விடுவது நின்றது. அடுத்த மாதம் என் வேலையும் நின்றது.

வேலை போனதில் வருத்தமில்லை. தோட்டம் பாழாகியிருந்தால் அப்பா அதைத் தன் தலையெழுத்து என்றுதான் நினைத்திருப்பார். பாட்டிலுக்குள் நடந்த கதை அவருக்கு எப்படித் தெரியும்? அதை நினைத்தால்தான் இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை. 'எவன் வந்து கேக்கப் போறான்' என்று துணிந்தவர்களை நேருக்கு நேர் கேட்பதற்குத்தான் அப்பா வெயிலில் நின்று என்னைப் படிக்க வைத்தார் என்று இன்றும் நம்புகிறேன்.