அக்கா அடுப்பில் இரண்டு சட்டி

என் அக்கா இருளம்மாளுக்கு நெஞ்சை அடைத்தபோது, கையில் ஒரு வாழைப்பழத்தைக் கொடுத்து வேப்பமர நிழலில் உட்கார வைத்தார்கள். இன்றைக்கு நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. கொடுத்தவர்களைத் திட்டியும் பிரயோஜனம் இல்லை. எங்கள் பக்கத்துப் பட்டாசுக் கம்பெனிகளில் யாருக்கு மூச்சு முட்டினாலும், தலை சுற்றினாலும், நெஞ்சு எரிந்தாலும் எல்லார் வாயிலும் முதலில் வருவது ‘மருந்து நெடி’ என்பதுதான். இங்கே மருந்து என்றால் வெடிமருந்து. அந்தத் தூசி உள்ளே போயிருக்கும், பழம் தின்றால் வயிற்றோடு இறங்கிவிடும், மோர் குடித்தால் தணிந்துவிடும் என்பது ஊர் வைத்தியம். எந்த டாக்டரும் சொன்னது கிடையாது. ஆனாலும் எங்கள் அப்பா காலத்திலிருந்து அதுதான் நடக்கிறது.

அக்காவுக்கு நாற்பத்தாறு வயது. சாத்தூர்ப் பக்கம் அச்சங்குளத்தில் வீடு. புஸ்வாணக் குடுவையில் மருந்து அடைக்கிற வேலை. கை எவ்வளவு வேகமோ வாயும் அவ்வளவு வேகம். நான் கம்பெனி வேன் ஓட்டுகிறேன். அவளும் அவள் வீட்டுக்காரர் வெள்ளைத்துரை மச்சானும் காலையில் என் வேனில்தான் ஏறுவார்கள். ஒரு பள்ளத்தில் வண்டி இறங்கிவிட்டால் போதும், பின்னாலிருந்து குரல் வரும்.

“ஏலே மாரிக்கண்ணா, ஆளுகளை ஏத்திருக்கியா, ஆட்டை ஏத்திருக்கியா?”

வேன் முழுக்கச் சிரிக்கும். எனக்குக் கோபமாக வரும். ஆனால் அவளிடம் எதிர்த்துப் பேசி ஜெயித்தவர் எங்கள் குடும்பத்திலேயே கிடையாது.

மச்சான் அதற்கு நேர்மாறு. மருந்து கலக்குகிற ரூமில் வேலை. அங்கே பத்துப் பேர் பேச்சைக் கேட்டுக்கொண்டு வேலை பார்க்க முடியாது. அதனாலோ என்னவோ, மனிதர் வீட்டிலும் வாயைத் திறக்க மாட்டார். திறந்தால் தின்பதற்குத்தான். விருதுநகர் எண்ணெய் பரோட்டா என்றால் உயிர். எண்ணெயில் முழுகிப் பொரிந்து மொறுமொறுவென்று வருமே, அதில் சால்னாவை ஊற்றி ஊறவைத்துத் தின்பார். வேலையில்லாத நாளில் “மாப்ளே, விருதுநகர் வரைக்கும் ஒரு எட்டு போயிட்டு வருவமா?” என்பார். நானும் வண்டியை எடுத்துவிடுவேன். வீட்டில் கருவாடு, அப்பளம், ஊறுகாய். டீயோடு காராச்சேவு. பிறகு பீடி.

போன வருடம் கம்பெனியில் மருத்துவ முகாம் போட்டார்கள். மச்சானுக்குப் பிரஷர் பார்த்த டாக்டரம்மா இன்னொரு தடவை பார்த்தார், கொஞ்ச நேரம் உட்கார வைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார். “இப்படியே விட்டா ஒருநாள் இதயத்தைப் புடிக்கும், இல்லைன்னா மூளையைப் புடிக்கும்” என்றார். உப்பைக் குறைக்கணும், பொரித்ததை விடணும், பீடியைத் தொடவே கூடாது, தினமும் நடக்கணும், உடம்பு சரியாகிவிட்டது என்று நாமாக மாத்திரையை நிறுத்தக் கூடாது. நெஞ்சில் பாரம் வைத்த மாதிரி அழுத்தினாலோ, தாடைக்கோ கைக்கோ வலி பரவினாலோ, வேர்த்துக் கொட்டினாலோ ஒரு நிமிஷமும் காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்கு வரணும். மச்சான் தலையைத் தலையை ஆட்டினார். அக்காதான் பயந்துவிட்டாள். எங்கள் அப்பா ஐம்பது தாண்டாமல் போனவர்.

“யக்கா, நீயும் வரிசையில நில்லு, பாத்துருவோம்” என்றேன்.

“எனக்கென்னலே? கல்லு மாதிரி இருக்கேன். அங்கன குடுவை அடைக்காமக் கெடக்கு” என்று போய்விட்டாள். அப்படிப் போனவளை இழுத்து நிறுத்த யாருக்கும் தோன்றவில்லை.

அதற்குப் பிறகு வீட்டில் அவள் நடத்திய ராஜ்ஜியம் இருக்கிறதே! முதலில் பீடி. கம்பெனி கேட்டில் உள்ளே விடும்போது சட்டைப் பையைத் தடவிப் பார்ப்பார்கள். பீடி, தீப்பெட்டி, செல்போன் எதையும் உள்ளே கொண்டுபோக முடியாது. மச்சான் “பழகின பழக்கம், விட முடியலைடி” என்று முனகியபோது அக்கா இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள்.

“கேட்டுக்குள்ளே போனா சாயங்காலம் வரைக்கும் பீடி இல்லாமத்தானே இருக்கீக? செத்தா போயிட்டீக? ஒரு பொறி விழுந்தா அம்புட்டுப் பேரும் போயிருவோம்னு பயம். வீட்டுல மட்டும் என்ன பயமத்துப் போச்சு? இனிமே இந்த வீடும் மருந்து ரூம்தான்.”

சொன்னதோடு விடவில்லை. மச்சான் வாசல் ஏறும்போது சட்டைப் பையைத் தடவிப் பார்ப்பாள். தெருவே வேடிக்கை பார்த்தது. “என்ன வெள்ளை, கேட் பாஸ் வாங்கியாச்சா?” என்று கேலி செய்தார்கள். மச்சான் முதல் மாதம் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தார். ஒருநாள் என் வேனுக்குப் பின்னால் நின்று ஒன்றைப் பற்றவைத்தார். அதை மோப்பம் பிடித்துவிட்டு அக்கா அவரை விட்டுவிட்டு என்னை ஏசினாள். பாவம் பார்த்து ஒதுங்க இடம் கொடுத்தது நானாம். பீடிக்கு வாய் ஊறும்போதெல்லாம் பெருஞ்சீரகத்தை மென்று மென்று, கடைசியில் மனிதர் விட்டேவிட்டார்.

சாப்பாட்டுக்கு அடுப்பில் இரண்டு சட்டி ஏறியது. ஒன்று மச்சானுக்கு. உப்பும் எண்ணெயும் பேருக்குத்தான். கீரை, பீர்க்கங்காய், பாசிப்பயறு, குதிரைவாலிச் சோறு. இன்னொன்று வழக்கமான சட்டி. அதில் கருவாட்டுக் குழம்பு கொதிக்கும், புளிக்குழம்பு கொதிக்கும். வந்தவர் போனவருக்கு என்று வைப்பாள். மிஞ்சினால் மறுநாள் சுண்டவைத்து அவளே தின்பாள். சுண்டச் சுண்ட உப்பும் ஏறிக்கொண்டே போகும். அப்பளம் பொரித்த எண்ணெயை ஊற்றி வைத்து, அதிலேயே மறுபடியும் எதையாவது பொரிப்பாள். “கீழேயா ஊத்த முடியும்?” என்பாள். பரணில் ஏற்றி வைத்த ஊறுகாய் ஜாடியும் அவளுக்காக மட்டும் இறங்கும். விடியும்போது மச்சானைக் கண்மாய்க்கரைக்கு நடக்க விரட்டிவிட்டு அவள் அடுப்பு முன்னால் உட்கார்ந்திருப்பாள். மச்சானுக்கு மாத்திரையைக் கையில் கொடுத்துவிட்டு, அவர் விழுங்குகிறாரா என்று தொண்டையைப் பார்ப்பாள். மச்சானுக்குத் தொந்தி வற்றியது, பிரஷர் இறங்கியது. டாக்டரம்மா பாராட்டினார். அக்காவுக்கு அன்றைக்கு முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.

இந்த வருடம் தீபாவளி நெருங்கிய நேரம். சீசன் என்றால் எங்கள் ஊரில் யாருக்கும் உடம்பு என்று ஒன்று இருப்பது நினைவிருக்காது. ஆர்டர் குவிந்து கிடந்தது. ஒரு வாரமாகவே அக்கா வேனில் ஏறும்போது படியைப் பிடித்துக்கொண்டு நின்று மூச்சு வாங்கினாள். “வெயிட்டு போட்டுட்டே யக்கா, டயரு தாங்காது” என்று நான் கேலி பேசிக்கொண்டிருந்தேன்.

அன்றைக்கு முற்பகலில் வேலை செய்துகொண்டிருந்தவளுக்கு நெஞ்சில் கல்லை ஏற்றி வைத்த மாதிரி இருந்திருக்கிறது. தாடை வலித்திருக்கிறது. ஜாக்கெட் நனைகிற அளவுக்கு வேர்வை. பக்கத்தில் வேலை பார்க்கிற கற்பகம்தான் முதலில் பார்த்தாள். அவள் பயந்துபோய் போர்மேன் சீனிச்சாமியைக் கூப்பிட, அவர் “மருந்து நெடி, வெளியே காத்தாட உக்காரட்டும்” என்று சொல்ல, அந்த வாழைப்பழம் வந்தது. அக்கா பாதிப் பழத்தைத் தின்றாள். “இப்பப் பரவாயில்ல” என்று வேறு சொன்னாள்.

தண்ணீர் குடிக்க வந்த மச்சான் பார்த்துவிட்டார். கிட்டே போய் நெற்றியைத் தொட்டார். சில்லென்று இருந்தது.

“எங்கன வலிக்குது?”

“ஒண்ணுமில்ல, போய் வேலையப் பாருங்க. பல்லுதான் வலிக்குது.”

“பல்லா, தாடையா?”

அக்கா நெஞ்சை அமுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

“இது நெடி இல்ல” என்று மச்சான் எழுந்தார். “உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகணும்.”

சீனிச்சாமி நல்ல மனிதர்தான். “கொஞ்சம் பொறு வெள்ளை, மோர் வருது, குடிச்சுப் பாக்கட்டும்” என்றார்.

மச்சான் குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. அன்றைக்குக் கத்தினாராம். “எங்க மாமனாருக்கும் இப்படித்தான் மோரைக் குடுத்துட்டுப் பாத்துக்கிட்டே நின்னீக! அந்தாளு எந்திரிக்கவே இல்ல!”

செல்போன் எல்லாம் கேட்டில் கிடந்தது. நானோ கேட்டுக்கு வெளியே வேனுக்குள் குறட்டை விட்டுக்கொண்டிருந்தேன். மச்சான் கேட்டைப் பார்த்து ஓட ஆரம்பித்தார். பட்டாசுக் கம்பெனிக்குள் யாரும் ஓட மாட்டார்கள். அங்கே ஒரு ஆள் ஓடினால் அதற்கு ஒரே அர்த்தம்தான். மருந்து கலக்குகிற ஆளே தலைதெறிக்க ஓடுவதைப் பார்த்ததும் ஒவ்வொரு ரூமிலிருந்தும் ஆட்கள் அலறிக்கொண்டு வெளியே பாய்ந்தார்கள். பெண்கள் செருப்பைக்கூடப் போடாமல் முள்ளில் ஓடினார்கள். மச்சான் ஓடிக்கொண்டே கத்தினார்.

“வெடி இல்ல, வெடி இல்ல! இருளுக்கு நெஞ்சு வலி! வண்டியக் கூப்பிடுங்க!”

அந்தச் சத்தத்தில்தான் நான் விழித்தேன். வேனை உள்ளே விட மாட்டார்கள். பயந்து ஓடிய பெண்களே திரும்பிப் போய், நாலு பேராகச் சேர்ந்து அக்காவை நடக்க விடாமல் தூக்கிக்கொண்டு கேட்டுக்கு வந்தார்கள். சீனிச்சாமியும் ஒரு பக்கம் தாங்கிக்கொண்டு வந்தார். நான் வண்டியை எடுத்தேன். எப்படி ஓட்டினேன் என்று எனக்கே தெரியாது. ஒரு பள்ளத்தில் வண்டி தூக்கிப் போட்டது. பின்னாலிருந்து எந்தத் திட்டும் வரவில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது.

“பேசு யக்கா! திட்டு!” என்று கத்திக்கொண்டே ஓட்டினேன்.

சாத்தூர் ஆஸ்பத்திரியில் ஈசிஜி எடுத்தார்கள், மாத்திரை கொடுத்தார்கள், ஆம்புலன்சில் ஏற்றி விருதுநகருக்கு அனுப்பினார்கள். மாரடைப்புதான். ரத்தக்குழாயில் அடைப்பு இருந்தது. “சீக்கிரமா கொண்டுவந்துட்டீங்க, இதயம் ரொம்பக் கெட்டுப்போகலை” என்று அங்கே டாக்டர் சொன்னபோதுதான் மச்சான் தரையில் உட்கார்ந்தார்.

இரண்டு நாள் கழித்து அந்த டாக்டர் அக்காவிடம் விசாரித்தார். “வீட்டுல உங்க வீட்டுக்காரருக்கு பிரஷர்னு சொன்னாரே. அப்ப உப்பெல்லாம் குறைச்சுத்தானே சமைக்கிறீங்க?”

“ஆமா சார். அவுகளுக்குத் தனியா ஆக்கிருவேன்.”

“சரி, நீங்க என்ன சாப்பிடுவீங்க?”

அக்கா கொஞ்சம் யோசித்தாள். அவளை யாரும் அப்படிக் கேட்டதில்லை போலிருக்கிறது.

“மிஞ்சுறதைத் தின்பேன் சார்” என்றாள்.

மச்சான் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு தோள் குலுங்க அழுதார். எனக்குத் தாங்கவில்லை, வெளியே போய்விட்டேன்.

இப்போது அக்கா நன்றாக இருக்கிறாள். மருந்து அடைக்கிற வேலையிலிருந்து லேபிள் ஒட்டுகிற வேலைக்கு மாற்றிவிட்டார்கள். டாக்டர் சரி என்று சொன்ன பிறகு காலையில் இரண்டு பேருமாகக் கண்மாய்க்கரையில் நடக்கிறார்கள். அவள் பேசிக்கொண்டே நடக்கிறாள், அவர் கேட்டுக்கொண்டே நடக்கிறார். சீனிச்சாமி யாருக்கு நெஞ்சு வலித்தாலும் பழத்தைத் தேடுவதில்லை, என்னைத்தான் தேடுகிறார். போன முகாமில் கற்பகம் முதற்கொண்டு எல்லாப் பெண்களும் வரிசையில் நின்றார்கள். அக்கா பின்னால் நின்று ஒவ்வொருத்தியாகத் தள்ளிவிட்டுக்கொண்டிருந்தாள்.

ஆனால் அவள் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த நாளைச் சொல்லியாக வேண்டும். மச்சான் அவளை அடுப்புப் பக்கமே விடவில்லை. அவரே கீரையைக் கடைந்து, பயறு போட்டுக் குழம்பு வைத்து, குதிரைவாலிச் சோறு பொங்கினார். ஒரே சட்டி, மூன்று பேருக்கும். அக்காவுக்கு முதலில் தட்டை வைத்தார். “நீங்க தின்னுங்க, நான் பெறகு…” என்று ஆரம்பித்தவளை நான் ஒரு அதட்டல் போட்டேன். வாழ்க்கையில் முதல் தடவையாக அவள் என் அதட்டலுக்கு அடங்கினாள்.

ஒரு வாய் வைத்தாள். அந்த முகத்தைப் பார்க்க வேண்டுமே!

“உப்பு போட மறந்துட்டீகளா?”

“போட்டிருக்கேன். நீ எனக்குப் போடுற அளவுதான்.”

ஆக்கும்போது ருசி பார்க்கிற பழக்கம் அக்காவுக்குக் கிடையாது, எல்லாம் கைக்கணக்குதான். இன்னொரு வாய் வைத்தாள். மென்றாள். மெல்ல நிமிர்ந்து மச்சானைப் பார்த்தாள்.

“இதையா இந்த ஒரு வருசமாத் தின்னீக? ஒரு வார்த்தை சொல்லலையே?”

“நான் உசுரோட இருக்கணும்னு நீ ஆக்கிப் போட்டே. அதுல என்னத்தைச் சொல்ல?” என்றார் மச்சான். பிறகு தட்டை அவள் பக்கம் இன்னும் கொஞ்சம் தள்ளினார். “இப்ப நான் ஆக்கியிருக்கேன். நீ தின்னு.”

அக்காவுக்குக் கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, பெரிதாகத் திட்டப்போகிறவள் மாதிரி வாயைத் திறந்தாள். ஆனால் இன்னொரு கரண்டி ஊற்றச் சொல்லித் தட்டை நீட்டினாள்.