பதினோரு மணிக்கு அணைந்த திரை

தொண்ணூறுகளின் தொடக்கம். இராஜபாளையத்தில் ஒரு நூற்பு மில்லின் கம்ப்யூட்டர் அறையில் ஆபரேட்டராக இருந்தேன். ஓர் அறையையே அடைத்துக்கொண்டு நின்ற மெயின்ஃப்ரேம் அது. சென்னையில் இரண்டு வாரம் பயிற்சி முடித்து அப்போதுதான் திரும்பியிருந்தேன். தலைக்கனம் கொஞ்சம் கூடுதலாகவே இருந்தது.

ஆள் உட்கார்ந்து பார்க்காமலே கம்ப்யூட்டர் தானாகச் சில வேலைகளைச் செய்யும்படி விதி எழுதி வைப்பதுதான் அந்தப் பயிற்சி. கூடவே ஒரு கட்டளையும் சொல்லிக்கொடுத்தார்கள். அதை அடித்தால் எத்தனை மணிக்கு என்ன நடந்தது என்பது முதல் பக்கத்தில் வரும். அதோடு சம்பந்தப்பட்டவை என்னென்ன என்பது அடுத்த பக்கத்தில்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் எங்கள் மில்லுக்குப் பஞ்சு மூட்டைகளை இருப்பு வைக்கும் கிட்டங்கி ஒன்று உண்டு. அங்கிருந்த டெர்மினல், அதாவது ஒரு திரையும் கீபோர்டும், டெலிபோன் லைன் வழியாக எங்கள் கம்ப்யூட்டரோடு இணைந்திருந்தது. அதைக் கவனித்துக்கொண்டவர் ஐம்பதைத் தாண்டிய ஒரு கிளார்க். நான் பயிற்சியிலிருந்து திரும்பிய மறுநாளிலிருந்து, தினமும் காலை சரியாகப் பதினோரு மணிக்கு அந்தத் திரை அணைந்துபோக ஆரம்பித்தது. பஞ்சு வரவைப் பதிய முடியாமல் வாசலில் லாரிகள் வரிசையாக நின்றன. நாங்கள் இங்கிருந்து சரிசெய்து கொடுப்போம். மறுநாள் மறுபடியும் அதே கதை.

கட்டளையை அடித்துப் பார்த்தேன். பதினோரு மணிக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் டெர்மினல் நின்றது என்று வந்தது. எனக்கு அது போதும். மனிதர் டீ குடிக்கக் கிளம்பும்போது ஸ்விட்சை அணைத்துவிட்டுப் போகிறார் என்று நானே முடிவுகட்டி, மேனேஜரிடம் எழுதியும் கொடுத்துவிட்டேன். அவர் கிளார்க்கைத் தூத்துக்குடிக்கு மாற்ற உத்தரவே தயார் செய்துவிட்டார்.

“எதுக்கும் ஒரு தடவ நேர்ல போயிப் பாத்துட்டு வந்துரும்மா. பொறவு கையெழுத்துப் போடுதேன்” என்றார்.

பஸ் ஏறிப் போனேன். அங்கே டெர்மினலின் நெற்றியில் விபூதிப் பட்டையும் குங்குமப் பொட்டும். பக்கத்தில் ஒரு எலுமிச்சம்பழம்.

“ஒரு வாரமா டீக்கடைப் பக்கமே போகல தாயி. நான் தொடவே இல்ல, தானா செத்துருது” என்றார் கிளார்க். மாற்றல் சேதி அதற்குள் அவர் காதுக்குப் போயிருந்தது. “வீட்ல அவளுக்கு இப்பத்தான் ஆப்பரேஷன் ஆகிருக்கு. இந்த நேரத்துல தூத்துக்குடிக்குப் போன்னா எப்படி?”

நான் மசியவில்லை. பதினொன்றுக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது அவரை அறையின் மறுகோடியில் ஒரு பஞ்சு மூட்டைமேல் உட்காரச் சொன்னேன். “ரெண்டு கையும் எனக்குத் தெரியிற மாதிரி வச்சுக்கிடுங்க அண்ணாச்சி” என்றேன். என் அப்பா வயதுக்காரர், கைகளை மடியில் விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். ஜன்னல் வழியாக லாரி டிரைவர்கள் வேடிக்கை பார்த்தார்கள்.

மணி பதினொன்று. திரை அணைந்தது.

“பாத்தியா தாயி! பாத்தியா!” என்று மூட்டையிலிருந்து துள்ளி இறங்கினார்.

எனக்கு ஒன்றும் ஓடவில்லை. இராஜபாளையத்துக்கு போன் போட்டு, உடன் வேலை பார்த்த பெண்ணிடம் கட்டளையை அடிக்கச் சொன்னேன்.

“நின்னு போச்சுன்னு வருதுக்கா.”

“அது தெரியும். அடுத்த பக்கத்தப் பாரு.” அந்த ஒரு வாரத்தில் நான் ஒரு தடவைகூட அடுத்த பக்கத்துக்குப் போனதில்லை.

போனில் அவள் கீ தட்டும் சத்தம் கேட்டது.

“யக்கா, டெஸ்ட்னு ஒரு விதி இருக்கு. தெனம் பதினோரு மணிக்கு இந்த டெர்மினல நிறுத்தணுமாம். எழுதுனவுக பேரும் போட்டிருக்கு.”

“யாரு?”

“நீங்கதான்க்கா.”

பயிற்சியிலிருந்து திரும்பிய அன்று, கற்றதைச் சோதிக்க நான் எழுதிப் பார்த்த விதி. எங்கள் அறைக்குத் தொந்தரவு வேண்டாமே என்று தூரத்து டெர்மினலைத் தேர்ந்தெடுத்தேன். அழிக்க மறந்துவிட்டேன்.

போனை வைத்துவிட்டு, தலையைக் குனிந்தபடி அவரிடம் சொன்னேன். அவர் என்னையும் டெர்மினலையும் மாறி மாறிப் பார்த்தார்.

“அப்ப நீதானா தாயி அந்தப் பேயி?”

அப்புறம் சிரித்தார் பாருங்கள், வெளியே நின்ற டிரைவர்களெல்லாம் உள்ளே ஓடி வந்துவிட்டார்கள். என்னவென்று கேட்டவர்களிடம், “ஒண்ணுமில்ல, மெஷின் சரியாயிருச்சு” என்று மட்டும் சொன்னார்.

அன்று சாயங்காலமே மேனேஜரிடம் போய் உண்மையைச் சொன்னேன். உத்தரவைக் கிழித்துப் போட்டார். “தூத்துக்குடியில ஆளு வருதுன்னு சொல்லியாச்சு. நீ போறியா?” என்று கேலியாகக் கேட்டார்.

அத்தனை பேர் முன்னால் என் மானத்தை வாங்க அந்தக் கிளார்க்குக்கு எல்லா நியாயமும் இருந்தும் அவர் வாங்கவில்லை என்பதை நினைத்தால், இன்றைக்கும் யாரையாவது குறை சொல்ல வாயெடுக்கும்போது எனக்குக் கூச்சமாக இருக்கிறது.